நாரைக்குக் கிடைத்த முதலாண்டு

அநியாயம் நடந்தது நாரைக்கு. கடல் தாண்டிப் பறந்து வந்தவளைப் பறவைப் பல்கலைக்கழகம் முதலாண்டில் உட்காரவைத்து, இறக்கை விரிக்கப் பழகச் சொன்னது.

அவள் படித்தது பன்னாட்டுப் பள்ளியில். அங்கே வாங்கும் டிப்ளமோவைக் காட்டினால் எந்தப் பல்கலைக்கழகமும் முதலாண்டுப் பாடங்களைக் கழித்துவிடும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அதை நம்பி, புயலில் பறந்து காட்டியெல்லாம் தேறியிருந்தாள்.

பதிவாளர் வான்கோழியார் டிப்ளமோவை வாங்கிப் பார்த்தார். "நல்ல மார்க்தாம்மா. ஆனால் எங்கள் பாடத்திட்டம் வேறு."

"என்ன சார் வேறு? காற்று வேறா?"

"நாங்கள் தரையிலிருந்து ஆரம்பிப்போம்."

"நான் தரையை விட்டு எவ்வளவோ காலமாகிறது. முழுசாக ஒரு வருஷத்தை வீணாக்கச் சொல்கிறீர்களே! ஜன்னலைத் திறங்கள், இப்போதே பறந்து காட்டுகிறேன்."

வெளியே முதலாண்டுக் குஞ்சுகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. வான்கோழியார் பதறிப்போய் ஜன்னல் முன்னால் வந்து நின்றுகொண்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நீ பறப்பாய் என்று எனக்குத் தெரியாதா? எங்களிடம் படிக்காமலும் பறக்கலாம் என்று அதுகளுக்குத் தெரிந்துவிட்டால், நாங்கள் எங்கேம்மா போவது?"