ஐந்தில் இரண்டு

பள்ளிக்கூடம் போனில் தந்த பாட விளையாட்டை ஒரு நாள் ஆடாமல் விட்டாலும் அதில் பிள்ளையின் பெயருக்கு எரியும் விளக்கு அணைந்துவிடும். அணைந்தால் கடைசி பெஞ்சுதான். அதனால் பூங்கோதை காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் அவள் அப்பா தணிகாசலம், மினி பஸ்ஸை ஸ்டாண்டில் போட்டுவிட்டு அவள் பெயரில் ஆடினார். பாசத்துக்குக் குறைவில்லை, பின்னக் கணக்குதான் வரவில்லை.

எழுந்து உட்கார்ந்ததும் அவள் அவர் போட்டிருந்த விடையைப் பார்த்துச் சிரித்தாள். "அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டினா அஞ்சுல ரெண்டு இல்லப்பா. ஆறுல அஞ்சு."

இன்று டீச்சர் இருவரையும் கூப்பிட்டிருந்தார்.

"பத்து நாளும் ஒரே தப்பு சார். அடுத்த வருஷமும் அஞ்சாவதுலயே இருக்கட்டும்னு விளையாட்டு சொல்லுது. வீட்ல வேற யாரும் ஆடலையே?"

தணிகாசலம் மகளின் தோளில் கை வைத்தார். "இல்லீங்க டீச்சர். இவதான்."

"எதுக்கும் நானே கேட்டுப் பார்க்கிறேன். அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா எவ்வளவும்மா?"

பூங்கோதை அப்பாவின் முகத்தை ஒருதரம் பார்த்தாள்.

"அஞ்சுல ரெண்டு, டீச்சர்."

அடுத்த வருஷமும் ஐந்தாவதிலேயே என்று எழுதி டீச்சர் நீட்டிய தாளில் தணிகாசலம் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.