விடிந்தால் தண்ணி வார்ப்பு

"இன்னும் ஒரு முட்டை குடி மனே, இடுப்புக்கு நல்லது" என்று மாமி பச்சை முட்டையையும் நல்லெண்ணெய்யையும் நீட்டினாள். அறை மூலையில் பாயில் சுருண்டு கிடந்த கம்சாயினிக்கு வயிற்றைப் பிடுங்கியது. வலியென்றால் அப்படியொரு வலி.

"ஏலாது மாமி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்களன்."

"பெரியபிள்ளையானா வயிறு குத்தாம, கிச்சுக்கிச்சா மூட்டும்?" மாமி சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று அம்மா தங்கேஸ்வரி ஊருக்குச் சொல்லி இன்றோடு ஆறு நாள். விடிந்தால் தண்ணி வார்ப்பு. 'பதினாறு முடிஞ்சும் இன்னும் இல்லையாமே' என்று மென்ற செட்டிபாளையத்து வாய்களெல்லாம் இப்போது முன் வாசலில் பலகாரம் மென்றுகொண்டிருந்தன.

ஆறு நாளும் கதவு சாத்து, ஜன்னலும் சாத்து. மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே அம்மா பாய்வாள். "ஸ்கேன் கீன் எண்டு போய் என்ர மானத்த வாங்காத. சடங்கு முடியட்டும்."

பின்னேரம் ஊர் மருத்துவிச்சி, மிட்வைப் ஸஹீதா மிஸ் வந்தார். அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"தொடக்கு வீடு மிஸ், தீட்டு ஒட்டும். நாளைக்கு வாங்களன்."

"எனக்கென்ன தொடக்கு தங்கேஸ்வரி? புள்ளையப் பாத்துட்டுப் போறன்." செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அறைக்குள் வந்துவிட்டார்.

மாமி வாங்கி வைத்த பேட் பக்கற் மூலையில் வாய் பிரிக்காமல் கிடந்தது. மிஸ் அதைப் பார்த்ததும், "துணிதான் வைக்கிறா மிஸ்" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

மிஸ் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கல்லாட்டம் இருந்தது. அவருடைய முகம் மாறிவிட்டது.

"எப்ப இருந்து புள்ள இந்த வலி?"

"தையில இருந்து மிஸ். மாசத்துக்கு ஒருக்கா வரும். நாலு நாள் கொல்லும்."

"தையில இருந்தா? இப்ப ஆவணி. நீ போன கிழமைதானேகா பெரியபிள்ளையான?"

மிஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் நின்ற அம்மா, கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணால் கெஞ்சினாள். வெளியே பந்தலுக்கு லைற் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கம்சாயினிக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மிஸ்ஸின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கையை விட்டால் இனி ஒருவரும் வரமாட்டார்கள்.

"மிஸ், எனக்கு இன்னும் ஒரு சொட்டு ரத்தமும் வரல்ல."