கோதுமை புகாத வீடு

மாமனாரின் பேண்ட் பையை வெளியே இழுத்து உதறினாள் சில்வியா. தரையில் ரஸ்க் தூள் விழுந்தது. குனிந்து விரலில் ஒட்டி எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

“கோதுமைதான்” என்றாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த கொர்னேலியஸ் மறைக்கவில்லை. ஹெப்பாள் பட்டறையில் முப்பது வருடம் லேத் ஓட்டி ரிட்டையர் ஆன மனுசன். டீக்கடையில் தான் தின்றது, பேத்திக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை என்றார். சில்வியா நம்பவில்லை. நம்பக் காரணமும் இல்லை. போன வருடம், பிள்ளை அழுகிறாளே என்று ஒரு பன்னை ஊட்டிவிட்டு, அவளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த ஆள் இவர்தான்.

பேத்தி ஜூடித்துக்கு ஒன்பது வயது. கோதுமை அவள் குடலுக்கு ஆகாது. ஒரு பொட்டு உள்ளே போனாலும் குடல் புண்ணாகும், ஆயுசுக்கும் தொடக்கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

சில்வியா நர்ஸ். அன்றிலிருந்து அவள் யாரையும் நம்புவதில்லை. பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறது என்று டப்பாவைப் படித்துத் தெரிந்துகொண்டு அதையும் குப்பையில் கொட்டினாள். ராகியையும் சோளத்தையும் ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, நிழலில் காயவைத்து, வீட்டு மிக்சியிலேயே அரைத்தாள். மில்லுக்குக் கொடுக்கமாட்டாள். முன்னால் வந்தவன் அதே மெஷினில் கோதுமை போட்டிருப்பான்.

அந்த மாவில் ஈஸ்ட் போட்டு, பிடிப்புக்கு இசப்கோல் உமி சேர்த்து, வாரம் இரண்டு தடவை ரொட்டி சுட்டாள். முதலில் வந்ததெல்லாம் கல்லு. இதை வைத்துக் காம்பவுண்டு கட்டலாம் என்று கொர்னேலியஸ் சொன்னார். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. ரொட்டியும் பொங்கி மெத்தென்று வந்தது.

பிள்ளையும் தேறினாள். மே மாதம் புதுநன்மைக்கு, முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கு, தைத்த வெள்ளை கவுன் உடம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. இது செப்டம்பர். அதே கவுன் இப்போது தோளிலிருந்து நழுவுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறாள். ஞாயிறு சில்வியாவுக்கு டியூட்டி. அவள் புருசன் மெர்வின் பதினோரு மணி வரை தூங்குவான். காலையில் பிள்ளையைக் கோயில் பூசைக்குக் கூட்டிப்போவது கொர்னேலியஸ்தான். வரும் வழியில் இரண்டு பேக்கரி இருக்கிறது. வேறு யாரைப் போய்க் கேட்பது?

“நிஜத்தைச் சொல்லுங்க மாமா. வழியில என்ன வாங்கிக் குடுக்கறீங்க?”

“மாதா சத்தியமா ஒண்ணுமில்லம்மா. நான் டீ குடிக்கறப்ப பாப்பா கையில உன் ரொட்டி டப்பாதான் இருக்கும்.”

“போன வருசமும் இதே மாதா சத்தியந்தான் பண்ணீங்க.”

மெர்வின் கதவோரம் வந்து நின்றான். அப்பா முகத்தைப் பார்க்காமல், கொள்ளேகாலத்தில் தன் தங்கச்சி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரச் சொன்னான். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கிழவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஜூடித் கேட் வரை ஓடி வந்தாள்.

“யாக்கே தாத்தா, ஏன் போற, எங்க போற?”

கட்டிக்கொள்ள வந்தவளைக் கை காட்டி நிறுத்தினார். “தொடாத கண்ணு. என் கையில ஏதாச்சும் ஒட்டியிருக்கும்னு உங்கம்மா சொல்லுவா.” தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் சில்வியா லீவு போட்டாள். இனிமேல் தன் கண்ணை மட்டும்தான் நம்புவது என்று முடிவு. விடிந்ததிலிருந்து பிள்ளையின் கையை விடவில்லை. பூசைக்குத் தானே கூட்டிப்போனாள். கோதுமை மணியும் திராட்சைக் கனியும் உனக்கே காணிக்கை என்று பாட்டுக்குழு பாடியபோது அவளும் கூடச் சேர்ந்து பாடினாள். மனசு உருகி மாமனாருக்காகவும் வேண்டிக்கொண்டாள், அவர் திருந்த வேண்டும் என்று.

பூசை முடிந்து வாசலில் ஒரு அம்மாள் பிறந்தநாள் சாக்லேட் நீட்டினாள். சில்வியா அதைப் பிள்ளை கையிலிருந்து பிடுங்கித் திருப்பிக் கொடுத்தாள். அந்த அம்மாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பேக்கரி வந்ததும் ரோட்டின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். மத்தியானம் முளைகட்டின ரொட்டி இரண்டு துண்டு, வீட்டுத் தயிர். பிள்ளை தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மெர்வினிடம், பார்த்தாயா, உங்கப்பா இல்லாத வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

நாலு மணிக்கு ஜூடித் வாந்தி எடுத்தாள். வயிற்றை அழுத்திக்கொண்டு பாத்ரூம் தரையிலேயே சுருண்டாள். சில்வியா வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“எங்கப்பா ஊர்லயே இல்ல, சில்வியா” என்றான் மெர்வின், பின்னாலிருந்து.

சில்வியா வாளியைக் கீழே வைத்தாள். ஈரத் தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“பாப்பா, மம்மி அடிக்கமாட்டேன். நான் குடுத்த ரொட்டி, தயிரு தவிர இன்னிக்கி வேற என்ன வாயில போட்ட?”

ஜூடித் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“கோயில்ல ஃபாதர் குடுத்த அப்பம் மட்டுந்தான் மம்மி, நீதான வரிசையில என்னைய முன்னாடி தள்ளிவிட்ட?”