லைன்ல இருங்க தம்பி

"கண்ணாடியைக் காணோம் தம்பி. லைன்லயே இருங்க, தேடி எடுத்துட்டு வர்றேன்" என்றாள் சித்தி.

கண்ணாடி அவள் மூக்கின் மேலேயே இருந்தது.

ஸ்பீக்கரில் போட்ட போனைத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு, சீருடைச் சட்டைக்குக் காஜா எடுக்க ஆரம்பித்தாள். பட்டன் துளையைச் சுற்றிக் கையால் நூல் ஓட்டுகிற வேலை.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "அவன்தானா?"

"அவனேதான்" என்றேன்.

முதலீட்டு ஆலோசகராம். காஜா மிஷின் வாங்கச் சித்தி சேர்த்து வைத்ததைக் கிரிப்டோவில் போடச் சொன்னவன். அப்புறம் ஒரு லிங்க் அனுப்பி, வாலட்டைத் திறக்கிற ரகசிய வார்த்தைகளை அதில் டைப் பண்ண வைத்து, மொத்தத்தையும் வழித்தெடுத்தவன். இப்போது "போனதையும் மீட்டுத் தர்றேன் மேடம்" என்று திரும்ப வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

அந்தத் திருடனோடுதான் தினமும் மணிக்கணக்கில் பேச்சு. "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று விசாரிப்பு வேறு. சித்தியின் விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. பட்டும் புத்தி வரவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மேடம், கண்ணாடி கிடைச்சுதா இல்லையா?" போன் கத்தியது.

"கிடைச்சிடுச்சு தம்பி. மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க. எதை அழுத்தணும்?"

"பச்சை பட்டனை! காலைலேர்ந்து அதைத்தானே சொல்றேன்!"

"கோவிச்சுக்காதீங்க. இந்த வீட்டுல என் பங்கை வித்த காசு அத்தனையும் இதுலதான் இருக்கு. தப்பா அழுத்தித் தொலைச்சிட்டா?"

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்து போனைப் பிடுங்கினாள்.

"நாசமாப் போறவனே!"

கட் பண்ணி என்னிடம் நீட்டினாள். "இவனை பிளாக் பண்ணுடி!"

பண்ணினேன். நிம்மதியாக இருந்தது.

"வீட்டையா வித்தே? நாங்க எல்லாரும் எங்க போய் நிக்கிறது? அவன் ஒரு தடவை மொட்டை அடிச்சது பத்தலையா உனக்கு?"

சித்தி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"எதையும் விக்கலைக்கா. அந்த வாலட்ல சல்லிக்காசு கிடையாது."

"அப்புறம் எதுக்கு இந்தப் பேச்சு?"

"காலைல அவனே சொன்னான். சீக்கிரம் முடிங்க மேடம், ரிட்டயர்டு நர்ஸ் ஒருத்தங்க பணத்தோட காத்திருக்காங்க, அடுத்து அவங்களைக் கூப்பிடணும்னு."

"போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லியாச்சு. விசாரிக்கிறாங்களாம். அந்தம்மா யாரு, எந்த ஊரு, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனா என்கூடப் பேசிட்டிருக்கிற வரைக்கும் அவனால அவங்களைக் கூப்பிட முடியாதுல்ல? தினமும் இப்படி யாராவது ஒருத்தர் இருக்காங்கக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பிளாக்கை எடுத்துவிட்டுப் போனைச் சித்தியிடம் கொடுத்தேன்.

சித்தி அவசரமாக அவனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது:

"நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்."