திருத்தாத படம்

“குடை லைட்டெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. கேமராவுலயே ஒரு ஃப்ளாஷ் இருக்குல்லா, அத மட்டும் போடுங்க. ரூம் லைட்டயும் அணைச்சிருங்க.”

சிவசைலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தென்காசியில் இருபது வருடமாக ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கே பாடம் எடுக்கிறாளே! வெளியே நசநசவென்று சாரல். இதில் இவளுடைய மூத்த மகளுக்கு, ஐந்து வயசுக்குள், கூலிங் கிளாஸ் வேறு. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற கூட்டமே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

“அப்படி எடுத்தா பிள்ள கண்ணு ரெண்டும் செவப்பா வரும்மா. பாக்கச் சகிக்காது.”

“வரட்டும். எடுங்க.”

காளீஸ்வரி மடியிலிருந்த எட்டு மாதப் பையனின் முகத்தை நிமிர்த்திப் பிடித்தாள். உட்காருகிறாள், எழுகிறாள், ஒரு நிலையில் இல்லை.

“எதுக்கும்மா இந்தப் பதற்றம்? எப்படி வந்தாலும் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிருவேன். அந்தா, ஷோகேஸ்ல ஒரு பிள்ள சிரிக்கால்லா? ரெண்டு வருசத்துக்கு முன்னால அவ அப்பா கூட்டிட்டு வந்தாரு. ஃப்ளாஷ் பட்டு ஒரு கண்ணு பூனைக்கண்ணு மாதிரி வெள்ளையா வந்துட்டு. அஞ்சே நிமிசம், கறுப்பாக்கிட்டேன். கண்ணு திருத்துறதுல நம்மள அடிச்சிக்க ஆளு கெடையாது!”

காளீஸ்வரி அந்தப் படத்தையே பார்த்தபடி இருந்தாள். வாயடைத்துப் போய்விட்டாள் என்று சிவசைலத்துக்கு ஒரே பெருமை.

“இதுல நீங்க கையே வைக்கக் கூடாது” என்றாள் கடைசியில். “எடுத்த உடனே காட்டணும்.”

விளக்கை அணைத்தார். பளிச்! பையன் கண்ணை மூடிவிட்டான். மறுபடி பளிச்! தலையைத் திருப்பிவிட்டான்.

“இன்னொண்ணு அண்ணாச்சி... இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

வாசலில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு இரண்டு பேர் காத்து நின்றார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதையும் எடுத்தார். பையன் நேராகப் பார்த்தான்.

காளீஸ்வரி கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். திரையில் இரண்டு கண்ணும் தணலாகச் சிவந்திருந்தன.

“நாந்தான் அப்பவே சொன்னம்லா...”

அவள் மகனைக் கட்டிக்கொண்டு சிரித்தபடியே அழுதாள். “செவப்பா இருக்கு! ரெண்டும் செவப்பா இருக்கு, தாயே!”

“எம்மா, செவப்பா வந்ததுக்கா இந்தச் சந்தோசம்?”

“நல்ல கண்ணுன்னா ஃப்ளாஷ்ல செவப்பாத்தான் வருமாம் அண்ணாச்சி. வெள்ளையாத் தெரிஞ்சா உள்ள கட்டி இருக்கலாமாம். ஆரம்பத்துலயே பாத்தா கண்ணக் காப்பாத்திரலாம்னு டாக்டர் சொன்னாரு. நாளைக்கு மதுரையில இவனுக்குச் செக்கப். அதுவரைக்கும் மனசு கேக்கல.”

சிவசைலம் ஷோகேஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். “யாருக்கும்மா... கட்டி வந்துச்சு?”

காளீஸ்வரி மூத்த மகளை அருகில் இழுத்து, கூலிங் கிளாஸை மெல்லக் கழற்றினாள். ஒரு பக்கம் கண் இல்லை.

“ஷோகேஸ்ல சிரிக்கது இவதான், அண்ணாச்சி.”