மயோனைஸ் போட்ட சிசிக்

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் வாயைக் கட்டுங்க. அவங்க எதைத் தட்டுல வெச்சாலும் 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"நான் என்னைக்கும்மா குறை சொல்லியிருக்கேன்?"

போனில் பேசியவள் அவருடைய மகள் ரோவேனா. அவளுடைய முதல் காதலனின் அப்பாவிடம், "உங்க ஊர் ஆட்டுக்கறிக் குழம்பை எங்க வீட்டு நாய்கூட மோந்து பார்க்காது" என்று சொன்னவர் இவர்தான். இரண்டாவது காதல் ஒரு கிண்ணம் நூடுல்ஸில் மூழ்கிப் போனது.

"எனக்கு முப்பத்து நாலு வயசு ஆச்சு. எட்வினும் போயிட்டா, நான் கல்யாணமே பண்ணிக்கப் போறதில்லை. நானும் அம்மாவும் எட்வினும் டிராஃபிக்ல நிக்கிறோம். எட்வினோட அப்பா அங்க வந்தாச்சாம். நீங்க போய்ப் பேசிட்டிருங்க."

"ஆளைப் பார்த்ததே இல்லையே. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

லைன் போய்விட்டது.

ரோவேனாவின் அப்பா ஃபோர்த்துனாதோ லக்சமானா இன்ஜினியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. 'இன்ஜினியர்' பட்டம் மட்டும் இன்னும் டூட்டியில் இருந்தது. சொந்த ஊர் பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணம். பம்பாங்காவுக்கு வெளியே பிறந்தவர்கள் பசிக்குச் சாப்பிடுகிறார்கள், பாவம், ருசி என்பது அவர்களுக்குத் தெரியாது என்பது அவர் கட்சி.

கேஸோன் சிட்டியின் அந்த பஃபே ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம் நெரிந்தது. வடகோடி முதல் தென்கோடி வரை எல்லா மாகாணப் பதார்த்தங்களும் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. கூட்டம் முழுக்க பனியனும் ரப்பர் செருப்பும். விசேஷங்களுக்குப் போடும் பாரோங் சட்டையில் வந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இன்ஜினியர். இன்னொருவர் சூப் அண்டாவுக்குப் பக்கத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்த ஒரு தொந்திக்காரர்.

கல்யாணம் பேச வருகிற கௌரவமான மனிதன் பாரோங் போடாமல் வருவானா? இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் படிப்புகூட வேண்டாம்.

"சம்பந்தி?" என்றார்.

"சம்பந்தி!" என்று அவரும் இரண்டு கைகளையும் விரித்தார். தாலாட்டுப் பாடுவதுபோல் இழுத்து இழுத்துப் பேசினார். விசயாஸ் தீவுகள் பக்கத்துப் பேச்சு. எட்வின் குடும்பமும் விசயாஸ்தான். சந்தேகம் தீர்ந்தது.

"பசங்க டிராஃபிக்ல நிக்கிறாங்களாம்" என்றார் இன்ஜினியர்.

"நம்ம பிள்ளையும் அதையேதான் சொல்லுது. வாங்க, நாம ஆரம்பிப்போம். முதல்ல எங்க ஊர் பாச்சாய்." ஈரல் மிதக்கும் நூடுல்ஸ் சூப் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வந்தது.

இன்ஜினியரின் நாக்கு நுனியில் நான்கு வாக்கியங்கள் வந்து நின்றன. சூப்போடு சேர்த்து நான்கையும் விழுங்கினார்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்கா? இன்னொரு கிண்ணம் போட்டுக்குங்க, கூச்சப்படாதீங்க."

சுவரில் 'தட்டில் மீதம் வைத்தால் இரட்டிப்புக் கட்டணம்' என்று எழுதியிருந்தது. இரண்டாவது கிண்ணமும் உள்ளே போயிற்று.

அடுத்து சம்பந்தி நேராக சிசிக் தட்டுக்குப் போனார். பொடியாக நறுக்கி வறுத்த பன்றிக்கறி. பம்பாங்காக்காரர்களுக்கு அது கறி அல்ல, குலதெய்வம். இங்கே அந்தக் குலதெய்வத்தின் தலையில் மயோனைஸை ஊற்றி வைத்திருந்தார்கள்.

"சிசிக்னா மயோனைஸ் போட்டாத்தான் ருசிக்கும் சம்பந்தி. அது இல்லாம திங்கிறவன் காட்டான்" என்றபடி மூன்று கரண்டி அள்ளி வைத்தார்.

இன்ஜினியர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். முப்பத்து நாலு என்ற எண்ணை மனத்துக்குள் மூன்று முறை சொல்லிக்கொண்டார்.

"ரொம்ப... நல்லா இருக்கு."

சொல்லி முடித்ததும் கண்ணில் நீர் வந்தது. சம்பந்தி அதை மிளகாய்க் காரம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பேச்சு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று.

"கல்யாணத்தை எந்த ஊர்ச் சர்ச்சுல வெச்சுக்கலாம்?" என்று இன்ஜினியர் பயந்துகொண்டே கேட்டார்.

"இதுல பேச என்ன சம்பந்தி இருக்கு? வழக்கம் எதுவோ அதுபடி. பொண்ணு ஊர்லதான்."

இன்ஜினியருக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. "அதையே நான் எப்படிக் கேக்கிறதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க பெரிய மனுஷன்."

"நீங்க ஒத்துக்கிட்டீங்களே, நீங்கதான் பெரிய மனுஷன். மத்தவங்களா இருந்தா எங்க ஊருக்குத்தான் வரணும்னு முரண்டு பிடிப்பாங்க."

"டிசம்பர்?"

"டிசம்பரே."

"விருந்துல உங்க பாச்சாய்க்குத் தனி அண்டா வெச்சிடுவோம்" என்றார் இன்ஜினியர். தன் குரல்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப உங்களுக்குப் பிடிச்ச சிசிக்குக்கும் ஒரு அண்டா. மயோனைஸ் உங்க இஷ்டம்."

இரண்டு பாரோங்குகளும் எழுந்து நின்று கட்டிக்கொண்டன. அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் கை தட்டினார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றாலும் காரியத்தை முடித்துவிட்டோம் என்று இன்ஜினியர் சம்பந்தியின் தோளில் முகம் வைத்தபடி பூரித்தார்.

"அப்பா!"

ரோவேனாதான். அவள் பின்னால் அம்மா, எட்வின், கூடவே கூடைப்பந்து பனியன் போட்ட ஒல்லியான ஒரு மனிதர்.

"இங்கயா இருக்கீங்க? எட்வினோட அப்பா உங்களுக்காக மாடியில ஒரு மணி நேரமா சாப்பிடாம உட்கார்ந்திருக்கார்" என்று பனியன்காரரை முன்னால் இழுத்து நிறுத்தினாள். "மாமா, இவர்தான் என்னோட அப்பா."

பிடித்த பிடியை விட மறந்து நின்ற தொந்திக்காரர், ரோவேனாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்ஜினியரின் காதருகே மெல்லக் கேட்டார்:

"உங்களுக்கும் பொண்ணா?"