மூன்றாவது கசிவு

"ரெண்டு கையையும் நீட்டு," என்றார் மெக்கானிக், பட்டறை ஷட்டரை இழுத்து இறக்கிவிட்டு.

"என்னண்ணா, சர்க்கரை டப்பாவைத் திருடினவளைப் பாக்குற மாதிரி பாக்குறே?" தங்கை சிரித்தாள். "சீக்கிரம் சொல்லு. அவரு சட்டையைத் துவைச்சிட்டிருந்தேன், பாதியில போட்டுட்டு ஓடி வந்திருக்கேன்."

சிரிக்கிற நிலையில் அண்ணன் இல்லை. பின்னால் தூக்கி நிறுத்தியிருந்த பந்தயக் கார் அவருடைய மாப்பிள்ளையின் வண்டி, அதாவது இவள் புருஷனுடையது. கம்பெனி கொடுத்த வேகம் போதாதென்று வெளியில் வாங்கி மாட்டிய டர்போ அதில் இருந்தது. அந்த டர்போவிலிருந்து எண்ணெய் கீழே இறங்கும் குழாயில்தான் கசிவு.

அடைத்தால் நிற்கும். பந்தயத்துக்கு முந்தின நாள் பார்த்தால் மறுபடி சொட்டும். சூடான புகைக்குழாயில் அது விழுந்தால் வண்டி பற்றிக்கொள்ளும் என்பதால் மூன்று பந்தயம் ஓட்டாமலே போய்விட்டது.

பற்றிக்கொள்ளும் என்பது சும்மா பேச்சுக்கு இல்லை. போன வருடம் பழைய வண்டி ஓடும்போதே எரிந்து, மாப்பிள்ளை கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தார். எழுந்ததும் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் 'புயல்'.

அந்தப் புயல் இப்போது மெக்கானிக் மச்சான் மேல்தான் வீசியது. பட்டறை வாசலில் நாலு பேர் பார்க்க டயரை எட்டி உதைத்து, "ஒரு ஒழுக்கை நிறுத்தத் தெரியல, இவரெல்லாம் ஒரு மெக்கானிக்!" என்று கத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மற்ற பந்தயக்காரர்களும் ஒவ்வொருவராக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பாடுபட்டுச் சேர்த்த பேர் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது.

"கேஸ்கெட் மாத்தினேன், குழாயையே மாத்தினேன்," என்றார் அண்ணன். "எல்லா நட்டையும் இறுக்கி, மேல மஞ்சப் பெயின்ட்ல கோடு போட்டேன். நட்டு அசைஞ்சா கோடு உடையும். ஒரு நட்டுல மட்டும் கோடு பாதிச் சுத்து தள்ளி நிக்குது, ஸ்பேனர் பட்ட கீறலும் புதுசா இருக்கு. தானா தளரல, யாரோ திருப்பியிருக்காங்க."

"யாரு?"

"ராத்திரி வண்டி நிக்கிறது உன் வீட்ல. சாவி இருக்கிறது உங்க ரெண்டு பேர்கிட்ட. மாப்பிள்ளைக்கு அது உசிரு. ரேஸே வேணாம்னு ஒரு வருஷமா அழுறது யாரு?"

அவள் சிரிப்பு நின்றது. "அழுதேன்தான். ரேஸ் இல்லன்னு ஆன ராத்திரிதான் வீட்ல எல்லாரும் நிம்மதியாத் தூங்குறோம். அதுக்காக நான் போய் நட்டைக் கழட்டுவேனா?"

"தெரிஞ்சுடும்." அண்ணன் விளக்கை அணைத்தார்.

இந்த முறை எண்ணெயில் அவர் ஒரு சாயம் கலந்திருந்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஊதா விளக்கை அடித்தால் பச்சையாக ஒளிரும். கசிவு பிடிக்க எல்லாப் பட்டறையிலும் வைத்திருப்பதுதான், ஆனால் கலந்ததை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஊதா வெளிச்சம் அவள் உள்ளங்கையில் விழுந்தது. ஒன்றுமில்லை. அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையைத் திருப்பினார்.

நகக்கண்ணிலும் விரல் இடுக்கிலும் பச்சையாக ஒளிர்ந்தது.

அவர் அவள் கையை உதறினார். "கூடப் பொறந்தவளே இப்படிச் செய்யலாமா? என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே!"

 அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலை நிமிர்ந்தாள்.

"ஆமாண்ணா. நான்தான்."

"இப்பவே மாப்பிள்ளைகிட்டச் சொல்றேன்!" அண்ணன் போனை எடுத்தார்.

"சொல்லு. ஊரைக் கூட்டியும் சொல்லு. அவரு திட்டினா வாங்கிக்கிறேன். உனக்குப் போன பேரு திரும்பக் கிடைக்கட்டும்."

பொத்தானுக்குப் போன அவர் விரல் நின்றது. சின்ன வயதில் வாயைச் சுற்றிச் சர்க்கரை ஒட்டியிருந்தபோதும் 'நான் இல்லவே இல்லை' என்று சாதித்தவள் இவள். இத்தனை சுலபமாக எதையும் ஒப்புக்கொண்டதாக அவருக்கு நினைவில்லை.

விளக்கைப் போட்டார். "எங்கே, நீ கழட்டின நட்டு எதுன்னு காட்டு."

அவள் வண்டிக்கு அடியில் போய் அண்ணாந்து பார்த்தாள். தயங்கித் தயங்கி ஒரு நட்டைத் தொட்டாள். அதன் மேல் மஞ்சள் கோடு போட்டது போட்டபடி நேராக இருந்தது.

அண்ணன் போனை மெதுவாக இறக்கினார். "நீ இல்ல. அப்புறம் கையில எப்படி வந்துச்சு?"

தங்கை கிழிசல் துணி ஒன்றை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவரு சட்டைக் கையெல்லாம் எண்ணெய், அண்ணா... வண்டி எரிஞ்சதுலேர்ந்து அவருக்கு ரேஸ்னா பயம். அது எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவே கூடாது."